தோல் வாஷர்

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் பலூன் சுட்டுப் பார்த்தவர்கள் கடைக்காரரைத் திட்டாமல் திரும்பியிருக்க மாட்டார்கள். குழல் வளைஞ்சிருக்கு, குறிமுள் நகர்ந்திருக்கு என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் குண்டு பலூன் வரைக்கும் போய்ச் சேராமல் தொங்கி விழுந்தால் பழி குழலுடையது அல்ல. துப்பாக்கியின் வயிற்றுக்குள் ஏறக்குறைய ஓர் அங்குல விட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு தோல் துண்டுடையது.

என் பெரியப்பா அப்படி ஒரு கடை போட்டவர். சுற்றுவட்டாரத்து அம்மன் திருவிழா எல்லாவற்றிலும் அவருடைய பலூன் பலகை இருக்கும். அவருக்குப் பிறகு பலகை விறகாகிவிட்டது, ஏர்கன் என்னிடம் வந்தது. வந்தபோது அதில் சத்தம் மட்டும்தான் இருந்தது, வேகம் இல்லை.

அதன் வேலை எளிமையானது. குழலை மடக்கும்போது உள்ளே பெரிய ஸ்பிரிங் அழுந்தி, பிஸ்டன் பின்னால் போய் ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்ளும். விசையை இழுத்தால் கொக்கி விடும், பிஸ்டன் முன்னால் பாயும். எதிரே இருக்கும் காற்று நசுங்கி, சின்னத் துளை வழியாகப் பீறிட்டு, 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டைத் தள்ளும். இவ்வளவுக்கும் பிஸ்டனைச் சுற்றிக் காற்று கசியக் கூடாது. அதற்குத்தான் பிஸ்டன் தலையில் கிண்ணமாக மடித்த தோல் வாஷர். காற்று அழுத்த அழுத்த அதன் உதடு வெளிப்பக்கம் விரிந்து உருளைச் சுவரை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். சைக்கிள் பம்பில் இருப்பதும் இதே வாஷர்தான். 1970களின் இறுதியில் யுனிசெஃப் உதவியோடு ஊர் ஊராக வந்த இந்தியா மார்க் 2 கைப்பம்பிலும் முதலில் இருந்தது தோல்தான். ரப்பர் பிறகு வந்தது.

இங்கே சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெடிமருந்தில் சுடும் துப்பாக்கியை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது மட்டும் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, அதைத் தொழிலாகப் பழுது பார்ப்பதற்கும் உரிமம் கேட்கிறது. ஜவ்வாது மலை ஊர்களில் நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லிக் காவல்துறை அறிவிக்கும்போதெல்லாம் எனக்கு அவற்றைச் செய்துகொடுத்த பட்டறைக் கைகள்தான் நினைவுக்கு வரும். ஏர்கன் கதை வேறு. 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் இருந்தால் உரிமம் வேண்டாம். ஆகவே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார எனக்குத் தடை இல்லை. கிளியையும் கொக்கையும் சுடுவதற்குத் தடை உண்டு. அதற்கு வேறு சட்டம்.

பிஸ்டனை வெளியே எடுத்துப் பார்த்தால் வாஷர் வறண்டு, உதடு பிய்ந்து, அப்பளமாக நொறுங்கியது. நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தேன். ஆம்பூரில் இருந்துகொண்டு தோலுக்கா பஞ்சம்? பேரணாம்பட்டு, வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் மூக்கே ஊர்ப்பெயரைச் சொல்லிவிடும். தெரிந்த பாய் ஒருவர் தோல் ஷாப்பில் மேஸ்திரி. கட்டிங் வேஸ்ட் ஒரு பை நிறையக் கொடுத்தார். கறுப்பு, பழுப்பு, மினுமினுப்பான ஆட்டுத்தோல், வழவழப்பான மாட்டுத்தோல், எல்லாம் முதல்தரம். கூடவே, "எதுக்கு சார் இது? வாஷருக்கா? இதெல்லாம் அப்பர். மெத்துன்னு இருக்கும், கிண்ணம் நிக்காது" என்றார்.

நிற்கவில்லைதான். நனைத்து, அச்சில் அழுத்தி, நிழலில் காயவைத்து எடுத்தால் மறுபடி தட்டையாகிவிடுகிறது. அது தோலின் குற்றமல்ல. குரோமியத்தில் பதனிட்ட தோல் அப்படித்தான் இருக்க வேண்டும். ஷூவின் மேல்பாகம் நாள் முழுக்க மடங்கி மடங்கி நிமிர்கிறதே, அதற்கு அந்தக் குணம்தான் தேவை. ஈரத்தில் பிடித்த உருவத்தைக் காய்ந்த பிறகும் விடாமல் வைத்திருப்பது பட்டையில் பதனிட்ட தோல்: ஆவாரம்பட்டை, வாட்டில் பட்டை, கடுக்காய். இரண்டையும் பிரித்தறிவது சுலபம். வெட்டிய விளிம்பில் நீலச் சாம்பல் ஓடினால் குரோம். உள்வரை பழுப்பாக இருந்தால் பட்டை. சந்தேகம் தீரவில்லை என்றால் நகத்துண்டு அளவு வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போடலாம். பட்டைத்தோல் சுருண்டு குறுகிவிடும், நன்றாகப் பதப்பட்ட குரோம் தோல் போட்டபடியே கிடக்கும். தோல் ஷாப்புகளில் நீலத்தோல் பதம் வந்துவிட்டதா என்று பார்ப்பதும் இதே கொதிநீர்ச் சோதனையில்தான். என் பையில் இருந்தது ஒன்றுகூடச் சுருளவில்லை.

சென்னை மாகாணத்துக்குக் குரோம் முறையைக் கொண்டுவந்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக் கலைத்தொழில் பள்ளியை நடத்தியவர். அவர் நினைத்தது ஷூவை அல்ல, கவலையை. மாடு கட்டிக் கிணற்றுநீர் இறைக்கும் கவலைச் சாலின் தோல் சீக்கிரம் அழுகிப்போகிறதே, குரோமில் பதனிட்டால் தாங்குமே என்று ஆரம்பித்தார். கவலை போய்விட்டது, குரோம் நின்றுவிட்டது. பட்டையில் வாரக்கணக்காக ஊற வேண்டியது குரோமில் ஒரு நாளில் முடிகிறது. 1970களில் அரசு பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுப் பொருளாகச் செய்து அனுப்பச் சொன்னது. இந்தப் பாலாற்றங்கரை ஊர்கள் ஷூ கம்பெனிகளாக மாறியது அதற்குப் பிறகு. பட்டைத்தோல் திருச்சி, திண்டுக்கல் பக்கம் ஒதுங்கியது. அங்கே அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. பட்டைதான் சுத்தம், குரோம்தான் விஷம் என்று பேசுவோரை நான் முழுதாக நம்புவதில்லை. பச்சைத்தோலைக் கெடாமல் வைக்கப் போடும் உப்பு இரண்டு முறையிலும் தண்ணீரில்தான் கலக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்பதை நாட்டுக்கே விதியாக்கியது. இந்த ஊர்க் கிணறுகள் கெட்ட பிறகு பிறந்த விதி அது.

தோலும் துப்பாக்கியும் இந்தப் பகுதியில் சந்தித்துக்கொள்வது புதிதல்ல. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்கான காரணங்களில் புதிய தலைப்பாகையில் வைத்த தோல் குஞ்சமும் ஒன்று. என் பிரச்சினை அவ்வளவு பெரியதில்லை. பட்டையில் பதனிட்ட அடித்தோல் ஒரு சாண் கிடைத்தால் போதும்.

கிடைத்தது ஷூ கம்பெனிகளில் அல்ல, வேலூர் லாங் பஜார் அருகே நடைபாதையில் செருப்பு தைக்கும் பெரியவரிடம். பழைய எருமைத்தோல் அட்டை ஒன்றைச் சாக்குக்கு அடியிலிருந்து உருவினார். மூன்று மில்லிமீட்டருக்கு மேலிருக்கும், உள்வரை பழுப்பு. "பம்புக்கா தம்பி?" என்றார். துப்பாக்கிக்கு என்றதும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பலூன் துப்பாக்கி என்று சொன்ன பிறகுதான் தோல் வெட்டும் ராம்பியை எடுத்தார். காம்பஸ் இல்லாமல் வட்டம் வெட்டினார்.

மீதி வேலை வீட்டில். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தேன். கொதிநீர் என்றால் பட்டைத்தோல் சுருண்டுவிடும். உருளையின் உள்விட்டத்துக்கு லேத்தில் கடைந்து வாங்கிய இரும்பு வளையத்துக்குள் ஒரு போல்ட்டும் நட்டும் வைத்து மெல்ல மெல்ல இறுக்கினால் தோல் கிண்ணமாக இறங்கும். வெயிலில் வைத்தால் வெடிக்கும், நிழலில்தான் காய வேண்டும். காய்ந்ததும் உதட்டைச் சமமாகச் சீவி எண்ணெயில் ஊறவைக்க வேண்டும். எண்ணெய் அளவில்தான் பலரும் கெடுக்கிறார்கள். பிஸ்டன் பாயும் கணத்தில் நசுங்கும் காற்று கடுமையாகச் சூடேறும். உருளைக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் டீசல் எஞ்சினில் நடப்பதே இங்கும் நடக்கும். டப் என்று பெரிய சத்தம், குழல் வாயில் புகை. பார்க்கிறவர்கள் கைதட்டுவார்கள், ஸ்பிரிங் உடையும். தோல் குடித்தது போதும், மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும்.

கழற்றும்போதும் மாட்டும்போதும் இன்னொரு கவனம் தேவை. ஸ்பிரிங் ஓய்வில் இருக்கும்போதே ஓரளவு அழுந்தித்தான் இருக்கும். பின்மூடியை வெறுங்கையால் திருகித் திறந்தவர்களின் முகத்தில் அது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. கிளாம்ப் இல்லாமல் தொடக் கூடாது. குழலை மடக்கி வைத்துக்கொண்டு குண்டு போடும்போது கொக்கி நழுவினால் விரல் போகும்.

அதனால்தான் வாஷரோடு நிறுத்திக்கொண்டேன். கொக்கியின் முனை தேய்ந்திருக்கிறது. விசை கொஞ்சம் லேசாகத்தான் இழுபடுகிறது. அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும் என்று பட்டறைக்காரர் சொன்னார். அந்த முனையின் கோணம் ஒரு மயிரிழை மாறினாலும் தொடாமலே சுடும். அதன் மேல்பக்கம் கடினப்படுத்திய எஃகு. தேய்த்துவிட்டால் அடியில் இருப்பது மெத்தென்ற இரும்பு. தோலில் தவறினால் இன்னொரு வட்டம் வெட்டிக்கொள்ளலாம், இதில் அப்படி முடியாது. சென்னையில் துப்பாக்கிக் கடை ஒன்றில் கேட்டேன். அந்த மாடலுக்குப் பாகம் வருவதில்லை, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். கடலூரில் பிறந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் உலகப் போட்டிகளுக்கு எடுத்துப்போகிற ரகத் துப்பாக்கிகளில் ஸ்பிரிங்கும் கிடையாது, தோலும் கிடையாது. சிலிண்டரில் அடைத்த காற்று. அவற்றின் விலையைக் கேட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

இப்போது வேகம் திரும்பியிருக்கிறது. தகர டப்பாவின் ஒரு பக்கத்தைத் துளைக்கிறது. ஆனால் கொக்கிக்கு நல்ல பாகம் கிடைக்கும் வரை பிள்ளைகள் கையில் கொடுப்பதாக இல்லை.