அப்பாவின் ஆறு டீ: எளாவூரில் ஒரு சனி, ஞாயிறு

"காலை 6 மணிக்கு எழுந்து ஒரு டம்ளர் வெந்நீர் குடியுங்கள். 8 மணிக்குள் காலை உணவை முடியுங்கள். இரவு 10 மணிக்குத் தூங்கிவிடுங்கள்."

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்காக நான் எழுதிய டிப்ஸ் இவை. நன்றாகவே ஓடிய கட்டுரை. அதன் லிங்க்கை அப்பாவுக்கும் அனுப்பியிருந்தேன். மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு அவரிடமிருந்து போன்.

"ஏம்மா, இத யாருக்கு எழுதின? நான் இப்பதான் நைட்டு முடிச்சுட்டு வந்து செருப்பக் கழட்டுறேன். ஆறு மணிக்கு எந்திரின்னு போட்டிருக்க?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு முந்தைய வாரம்தான், துவைக்கப் போட்ட அவர் சட்டைப் பையிலிருந்து அம்மா ஒரு சீட்டை எடுத்திருந்தார். வேலை செய்யும் இடத்தில் நடந்த மருத்துவ முகாமில் கொடுத்த சீட்டு. சாப்பிட்ட பிறகு எடுத்த சர்க்கரை அளவு 268. தேதியைப் பார்த்தால் நான்கு மாதம் பழசு. மடித்து வைத்தவர் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அப்பாவுக்கு வயது 51. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. அந்தச் சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பினேன். இந்த முறை டிப்ஸ் சொல்வதற்காக அல்ல. அவருடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பார்ப்பதற்காக.

சூலூர்பேட்டை ரயிலில்

சென்னை மூர்மார்க்கெட் காம்ப்ளெக்ஸிலிருந்து வடக்கே போகும் மின்சார ரயில்களில் பல கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும். எளாவூருக்கு சூலூர்பேட்டை ரயிலைப் பிடிக்க வேண்டும். எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று போய், கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த ஸ்டேஷன் எங்கள் ஊர். அதற்கடுத்து ஆரம்பாக்கம். அதையும் தாண்டினால் தடா, ஆந்திரா.

கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. ஊரை ஒட்டி தேசிய நெடுஞ்சாலை 16, சென்னையையும் கொல்கத்தாவையும் இணைக்கும் ரோடு. பழைய ஆட்களுக்கு அது இன்னும் 'ஜி.என்.டி ரோடு'தான். எளாவூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது சோதனைச்சாவடி. எனக்கு ஞாபகம் வருவது டீக்கடைகள். தமிழும் தெலுங்கும் இந்தியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கும் ஊர் இது.

ஒன்றரைக் கிலோ சர்க்கரை

சாயங்காலம் நாலு மணிக்கு அப்பா தூங்கி எழுந்தார். முகம் கழுவிவிட்டு நேராக டீக்கடை. நானும் கூடவே போனேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை டீப்பா?"

"ரெண்டு, மூணு இருக்கும்."

விரல் விட்டு எண்ணச் சொன்னேன். எழுந்ததும் ஒன்று. ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும்போது ஒன்று. நடுராத்திரி ஒன்று. இரண்டரை மணிக்குத் தூக்கம் கலைய ஒன்று. நாலரைக்கு ஒன்று. காலையில் கேட்டை விட்டு வெளியே வந்ததும் ஒன்று. ஆறு!

டீக்கடை டீ ஒன்றில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்று வைத்துக்கொண்டாலே 8 முதல் 10 கிராம். ஆறு டீக்கு ஏறக்குறைய 50 கிராம். ஒரு நாளில் தனியாகச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதுவும் சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும் சேர்த்துச் சொன்ன கணக்கு. அப்பா டீயில் மட்டும் அதைப்போல இரண்டு மடங்கு குடிக்கிறார். மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. எங்கள் வீட்டுக்கு மொத்தமாக வாங்குவதே இரண்டு கிலோதான்!

"நான் ஸ்வீட்டே தொடுறதில்லையே" என்றார் அப்பா. உண்மைதான். ஸ்வீட் தொடாத பலரும் இந்த டீக்கணக்கில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் கண்ணில் டீ சாப்பாடும் இல்லை, இனிப்பும் இல்லை. வெறும் டீ.

"தண்ணி குடிச்சா வண்டிய நிறுத்தணும்"

சோதனைச்சாவடி பக்கம் நடந்தோம். வரிசையாக லாரிகள். டீக்கடையில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாமக்கல் டிரைவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. அவருடைய டிபன் ஒரு டீ, இரண்டு வடை. மதியச் சாப்பாடு என்ன என்று கேட்டேன்.

"இதுதான் கண்ணு மத்தியானம்" என்றார். மணி அப்போது ஐந்து.

தண்ணீர்? "தண்ணி குடிச்சா வண்டிய நிறுத்தோணும். நெனைச்ச எடத்துல நிறுத்த முடியுமா?"

1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், டிரைவர்களுக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்று எழுதியது. ரோட்டில் அந்தக் கணக்கு யாருக்கு ஞாபகம் இருக்கிறது? நாள் முழுக்க உட்கார்ந்த இடம், என்ஜின் சூடு, குறைவான தண்ணீர், நேரம் கெட்ட சாப்பாடு. சிறுநீரகக் கல்லுக்கு இதைவிடத் தோதான சூழ்நிலை வேண்டாம். எத்தனை லிட்டர் குடித்தோம் என்று எண்ண முடியாதவர்களுக்கு எளிய அடையாளம் ஒன்று உண்டு. சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதும். அடர் மஞ்சளாகப் போனால் போதாது.

நடுராத்திரி சாப்பாடு

இரவு ஒன்பதரைக்கு அப்பா கிளம்பினார். 10 மணி முதல் காலை 6 மணி வரை வேலை. அவருடைய பெரிய சாப்பாடு கேன்டீனில், நள்ளிரவு தாண்டி. சாதம் எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பொரியல் ஒரு கரண்டி.

250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேன்டீன் வைக்கச் சொல்லும் விதி 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே வந்துவிட்டது. சோறு கிடைக்க வேண்டும் என்பது அன்றைய கவலை. இன்று கவலை தட்டில் சோறு மட்டுமே மலையாக இருப்பது.

நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. ராத்திரியில் இன்சுலின் பகலைப் போல் வேலை செய்யாது. மதியம் சாப்பிடும் அதே அளவு சாதத்தை இரவு ஒரு மணிக்குச் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை இன்னும் அதிகமாக ஏறும், இறங்கவும் நேரமாகும். அதனால்தான் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் பெரிய சாப்பாட்டை வேலைக்குக் கிளம்பும் முன்பே முடிப்பது நல்லது என்கிறார்கள். நடுராத்திரி பசிக்குச் சுண்டல், வேகவைத்த முட்டை, மோர் மாதிரி ஏதாவது கொஞ்சம் போதும்.

இதை என் கட்டுரையில் நான் எழுதவே இல்லை. 'இரவு 8 மணிக்குள் சாப்பிடுங்கள்' என்று ஒரே வரியில் முடித்திருந்தேன்.

அக்காக்களின் கணக்கு

ஆண்களின் கதை ரோட்டில் தெரிகிறது. பெண்களின் கதை தெரிவதில்லை. பக்கத்து வீட்டு அக்கா பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறார். வயது 44. காலையில் சமைத்து, எல்லோருக்கும் டப்பா கட்டி, கம்பெனி வேனைப் பிடிக்க ஓடுவார். அவருக்கான டிபன் ஒரு டம்ளர் டீ.

"சாப்பிட உக்காந்தா வேன் போயிடும் பாப்பா."

மதியம் சாதத்தோடு சேர்த்து இன்னொரு டீ. எப்போதும் அசதி, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். 'வயசாகுது இல்ல' என்று அவரே காரணமும் சொல்லிக்கொண்டார். காரணம் வயசாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. 2019-21-ல் எடுத்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். சாப்பாட்டோடு டீ குடித்தால், கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் டீ, காபி வேண்டாம் என்று ஐ.சி.எம்.ஆரும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது.

டீயை விடச் சொல்லவில்லை அக்கா, கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்றேன். ஒரு ஹீமோகுளோபின் டெஸ்ட்டும் எடுத்துவிடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.

கூழும் கருவாடும்

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ரோட்டோரம் நின்று அப்பாவைப் பிடித்தேன். ஆறாவது டீயை அன்றைக்குத் தள்ளிவைத்துவிட்டு, கூழ் வண்டிக்கு அழைத்துப்போனேன். கேழ்வரகுக் கூழ், மோர், சின்ன வெங்காயம், மோர் மிளகாய்.

100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் மேல் கால்சியம் இருக்கிறது. எலும்பு தேய ஆரம்பிக்கும் வயதில் நல்ல சாப்பாடு. ஆனால் 'கூழ்தானே' என்று மூன்று சொம்பு குடிப்பதும் தப்பு. நைஸாக அரைத்த மாவில் காய்ச்சிய கூழும் சர்க்கரையை ஏற்றும். ஒரு சொம்பு, கூடவே கொஞ்சம் சுண்டல் என்றால் சரி.

தொட்டுக்கொள்ள எங்கள் பக்கத்தில் கருவாடு இல்லாமலா? பழவேற்காட்டிலிருந்து வரும் மீனும் கருவாடும்தான் எங்கள் ஊர் ருசியே. மீன் குழம்பு தாராளமாகச் சாப்பிடலாம். கருவாட்டில் கொஞ்சம் கவனம் வேண்டும். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன்தான் அளவு. கருவாடு, ஊறுகாய், மோர் மிளகாய் மூன்றும் ஒரே வேளையில் சேர்ந்தால் அந்த டீஸ்பூன் காலையிலேயே காலி. பிபி உள்ளவர்கள் கருவாட்டை நன்றாக ஊறவைத்து, இரண்டு மூன்று முறை அலசி, எப்போதாவது ஒரு துண்டு சாப்பிடலாம்.

'உடம்பு வலிக்கு'

அப்பா குடிப்பதே இல்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். மாதத்தில் இரண்டு மூன்று நாள், 'உடம்பு வலிக்கு' என்று ஒரு குவாட்டர். இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுது. என்னை மாதிரி நாலு பேரு படிப்பான்" என்றார்.

180 மில்லி குவாட்டரில் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. கிராமுக்கு 7 கலோரி வீதம் 400 கலோரிக்கு மேல். சைடு டிஷ் கணக்கு தனி. இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் குடித்தால், சில மாத்திரைகளோடு சேர்ந்து சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். அந்தத் தள்ளாட்டத்தைப் பார்ப்பவர்கள் போதை என்றுதான் நினைப்பார்கள். இவ்வளவு குடித்தால் பாதுகாப்பு என்று ஓர் அளவே கிடையாது என உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சீட்டை ஏன் மறைத்தார்?

கடைசியாக அதைக் கேட்டேன். அப்பா கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுகர்னு தெரிஞ்சா நைட்டு ஷிஃப்ட் குடுக்க மாட்டாங்களோன்னு பயம்மா. நைட்டுக்குத் தனிக் காசு வருதில்ல? உன் தம்பிக்கு இன்னும் ரெண்டு வருஷம் ஃபீஸ் கட்டணும்."

நான் எழுதிய எந்த டிப்ஸிலும் இதற்குப் பதில் இல்லை.

இந்தப் பயம் அப்பாவுக்கு மட்டும் இருக்காது. இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடி பேர் அதன் விளிம்பில் என்றது 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் - இன்டியாப் ஆய்வு. அதில் எத்தனை பேருடைய சீட்டு சட்டைப் பையிலேயே கிடக்கிறதோ!

மாத்திரைக்குக் காசு செலவாகும் என்ற கவலை தேவையில்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் இலவசம், மாத்திரையும் இலவசம். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வேலை செய்யும் இடத்திலேயே பரிசோதிக்கும் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' 2024-ல் வந்தது. 30 வயதைத் தாண்டிய யாரும் அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம். வெறும் வயிற்றில் 126-க்கு மேல், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 200-க்கு மேல் என்றால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

திங்கட்கிழமை அப்பாவை அழைத்துப்போனோம். மூன்று மாத சராசரியைக் காட்டும் பரிசோதனை எடுத்து, மாத்திரை ஆரம்பித்தார்கள். ஷிஃப்ட் மாறும் வாரங்களில் மாத்திரையை எப்போது போடுவது என்று டாக்டரிடமே கேட்டு, அம்மா காலண்டர் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டார். நாமாக நேரத்தை மாற்றக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

இப்போது ஆறு டீ மூன்றாகியிருக்கிறது. மூன்றும் 'சக்கரை பாதி'. பெரிய சாப்பாடு எட்டரை மணிக்கு வீட்டில். நடுராத்திரிக்கு ஒரு டப்பா சுண்டல். குவாட்டரைப் பற்றி இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது! அடுத்த பரிசோதனை வரும்போதுதான் எல்லாம் எந்த அளவுக்குப் பலித்தது என்று தெரியும்.

ஆபீஸுக்குத் திரும்பியதும் அந்தப் பழைய கட்டுரையைத் திறந்தேன். 'காலை 6 மணிக்கு' என்றிருந்த இடத்தில் 'தூங்கி எழுந்ததும்' என்று மாற்றினேன். 'இரவு 10 மணிக்கு' என்பதை 'வேலை முடிந்து வந்ததும், அறையை இருட்டாக்கி, போனைத் தள்ளி வைத்து, குறைந்தது ஏழு மணி நேரம்' என்று திருத்தினேன். லிங்க்கை மறுபடியும் அப்பாவுக்கு அனுப்பினேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மேல்தான் நீல டிக் வந்தது. அதுவரை தூங்கியிருக்கிறார்.