கம்பி மறைந்த படம்

ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான நிறையுடைய டெலிபோட்டோ ஜூம் லென்ஸ் ஒன்றை, மார்த்தாண்டத்தில் ஸ்டூடியோ நடத்தும் நண்பர் ஒருவர், திங்கட்கிழமை காலையில் திருப்பித் தந்தால் போதும் என்று சொல்லி என் கையில் கொடுத்த அந்தச் சனிக்கிழமை மாலையே, அதை எங்கே கொண்டுபோய்ப் பரீட்சிப்பது என்பதை நான் நிச்சயித்துவிட்டேன். குழித்துறை ஆற்றுப் பாலத்தில் நின்றே மீன்கொத்தியையும் கொக்கையும் பிடிக்கலாம்; ஆனால் பறவை எழுந்து போய்விட்டால் பரீட்சையும் அத்தோடு போய்விடும். ஒரே பிராணியை ஒரே இடத்தில் வைத்து, 100 மில்லிமீட்டரில் ஒருமுறையும் 400 மில்லிமீட்டரில் ஒருமுறையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் மிருகக்காட்சிசாலைக்குத்தான் போகவேண்டும். எங்களூர்க்காரனுக்கு மிருகக்காட்சிசாலை என்றால் அது திருவனந்தபுரத்தில் இருப்பதுதான்.

அதற்குச் சரித்திரமே காரணம். 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணையும் வரையில் எங்களுக்குத் தலைநகரம் திருவனந்தபுரமே; கோர்ட்டுக் காரியமானாலும் பெரிய ஆஸ்பத்திரியானாலும் குழந்தைகளுக்குப் புலியைக் காட்டுவதானாலும் வடமேற்கே போவதுதான் எங்கள் முன்னோரின் வழக்கம். 1979இல் ரயில்பாதை வந்தபின் அந்தப் பிரயாணம் சுலபமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் ஏறி ஜன்னலோரத்தில் உட்கார்ந்தேன். குழித்துறை மேற்கு தாண்டியதும் எல்லை கடந்து பாறசாலை, பிறகு அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று நிலையங்களின் பெயர்ப்பலகை எழுத்து மாறுகிறதே தவிர, ரப்பர் மரமும் வாழைத்தோட்டமும் ஓட்டுவீடும் மாறுவதில்லை.

உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மகாராஜாவின் காலத்தில், 1857இல் அருங்காட்சியகமும் 1859இல் மிருகக்காட்சிசாலையும் ஜனங்களுக்குத் திறந்துவிடப்பட்டன. சிஷோம் என்ற கட்டடக்கலைஞர் வகுத்து 1880இல் முடிந்த நேப்பியர் அருங்காட்சியகத்தைக் கடந்து உள்ளே போனால், ஏறக்குறைய 55 ஏக்கர் பரப்பில், மேடும் பள்ளமும் ஏரியுமாக, வானம் தெரியாதபடி மரங்கள் அடர்ந்த ஒரு சோலைக்குள் கூண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. நடப்பவனுக்கு அந்த நிழல் பரம சுகம். நீண்ட லென்ஸைத் தூக்கி வந்தவனுக்கோ அதுவே முதல் கஷ்டம். கைநடுக்கம் படத்தில் விழாதிருக்க வேண்டுமானால், லென்ஸின் குவியத்தூரம் எத்தனை மில்லிமீட்டரோ அத்தனையில் ஒரு பங்கு நொடிக்குள் படம் பதிந்துவிட வேண்டும் என்பது போட்டோக்காரர்களின் பழைய கணக்கு. என் காமிராவின் சென்சார் சிறியதாகையால் 400 என்பது 600க்குச் சமானமாகிவிடுகிறது. அந்த நீளத்தில் இந்த லென்ஸின் வாய் எஃப் 6.3க்கு மேல் திறவாது. ஐ.எஸ்.ஓ.வை 3200க்கு உயர்த்தி, படத்தில் கொஞ்சம் மணல் தூவினாற்போல் இருந்தாலும் பரவாயில்லை என்று துணிந்தேன். லென்ஸுக்குள்ளேயே நடுக்கத்தைத் தடுக்கும் அமைப்பு இருப்பது உண்மைதான். அது என் கையை நிறுத்துமேயன்றி, குரங்கின் தலையை நிறுத்தாது.

முதலில் சென்றது சிங்கவால் குரங்கினிடம். எங்கள் ஜில்லாவின் வடகிழக்கே எழுந்து நிற்கும் அகத்தியமலைத் தொடர் உட்பட, மேற்குத்தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத இந்த ஜந்துவை, மலையடிவாரத்தில் பிறந்தும் நான் ஒருநாளும் காட்டில் கண்டதில்லை. கரிய மேனி, கரிய முகம், அதைச் சுற்றி வெள்ளிநிறப் பிடரி. காமிராவின் ஒளிமானி கருமையைக் காணச் சகியாமல் அதைச் சாம்பலாக்க முயலுகிறது. அதன் பேச்சைக் கேட்டால் பிடரி வெளுத்துப் பஞ்சாகிவிடும். ஒரு படி வெளிச்சம் குறைத்து எடுத்தபோதுதான் பிடரியின் இழை இழையாகப் பிரிந்த மயிர் தெரிந்தது. ஒரு தாய் தன் குட்டியின் முதுகை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. 400இல் நான் அதன் விரல்களை மட்டும் பிடித்தேன். கறுத்த நகம், நகக்கண்ணில் ஒட்டிய சிறு மண், வளைந்த கட்டைவிரல். பேன் பார்க்கும் எந்தத் தாயின் கையும் அப்படித்தான் இருக்கும்.

சிறுத்தையின் கூண்டருகே வெகுநேரம் நின்றேன். (மலையாளத்தில் இதுதான் புலி, நாம் புலி என்பது அவர்களுக்குக் கடுவா.) பார்வையாளரைத் தள்ளிவைக்கும் அடைப்புக்கும் கூண்டின் வலைக்கம்பிக்கும் இடையே ஓரடி ஈரடி இருந்தது, சிறுத்தையோ வலைக்கு நெடுந்தூரம் பின்னால், பலகைமேல் படுத்திருந்தது. 100 மில்லிமீட்டரில் எடுத்த படத்தில் கம்பிகள் சாம்பல் கோடுகளாக அதன் முகத்தைக் கட்டம் கட்டின. தானாகக் குவியும் பொறியும், வலையைத்தான் நான் படம்பிடிக்க வந்தேன் என்று எண்ணிக்கொண்டு, கம்பியையே மறுபடி மறுபடி பற்றியது. பொறியை நிறுத்திவிட்டு, வளையத்தைக் கையால் திருப்பி, நிழல் விழுந்த கம்பிப் பகுதியாகப் பார்த்து 400க்கு நீட்டினேன். கம்பி போய்விட்டது! 400ஐ 6.3ஆல் வகுத்தால் 63 மில்லிமீட்டர்; அத்தனை அகலமான வாய் வழியே சிறுத்தையின் ஒளி வந்து சேரும்போது, குறுக்கே நிற்கும் மெல்லிய கம்பி அதில் ஒரு சிறு பங்கையே மறைக்கிறது. 100இல் அந்த வாய் 22 மில்லிமீட்டர்தான் என்பதால் கம்பி ஜெயித்தது. வெயில் பட்ட கம்பியாயிருந்தால் வெண்பனி போல ஒரு மூட்டம் படரும். நிழல்கம்பியில் அதுவும் இல்லை. பச்சை இலையின் மங்கலான பின்புலத்தில், நெற்றிப் புள்ளிகளும் மீசையின் வேர்களும் தேன்நிறக் கண்ணும் துலங்க, சாட்சாத் வனராஜனாக அது காமிராவின் திரையில் வீற்றிருந்தது.

சந்தோஷத்தோடு நிமிர்ந்தேன். நிமிர்ந்ததும் வலை மறுபடி கண்ணுக்குத் தெரிந்தது. பலகையை விட்டிறங்கிய சிறுத்தை, சுவரோரமாக எட்டு அடி நடந்து, திரும்பி, எட்டு அடி நடந்து, திரும்பி, தன் கால்களே தேய்த்து வழவழப்பாக்கிய ஒரு தடத்தில் போய்வந்துகொண்டிருந்தது. என் படம் அதற்கு ஒரு வனத்தைக் கொடுத்திருந்தது; அந்த வனம் அதற்கு இல்லை. நாவலாசிரியர் மாதவையாவின் புதல்வரும் வனவிலங்குப் போட்டோக்காரருமான மா. கிருஷ்ணன் (1912–1996), பல காமிராக்களின் பாகங்களைத் தாமே பொருத்திச் செய்துகொண்ட கனத்த கருவியோடு, கால்நடையாகவும் யானைமேலும் காடுகளில் அலைந்து, கறுப்பு வெள்ளையில் எடுத்த படங்களை நான் நினைத்துக்கொண்டேன். அங்கே மிருகமும் மெய், அதைச் சூழ்ந்த புதரும் மெய். அப்படிப்பட்ட படத்துக்குப் பக்கத்தில் என் படத்தை ஒரு வார்த்தையும் சொல்லாமல் வைத்தால் அது பொய்ச்சாட்சி என்றே எனக்குப் பட்டது. ஆகவே லென்ஸை 100க்குச் சுருக்கி, குவியத்தைக் கம்பியின்மேலேயே நிறுத்தி இன்னொரு படம் எடுத்தேன். துருவேறிய முடிச்சு ஒன்று கூர்மையாக விழுந்தது. அதற்கப்பால் மஞ்சள் மூட்டமாகச் சிறுத்தை.

சாயங்கால வண்டியில் திரும்பி, எங்கள் தெருவில் நுழைந்தபோது, எண்பதைத் தாண்டிய பக்கத்துவீட்டு அம்மச்சி திண்ணையில் இருந்தார். முதல் படத்தைக் காட்டினேன்.

“இது எந்தக் காட்டில மக்களே?”

“காடு இல்ல அம்மச்சி, திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலை” என்று சொல்லி இரண்டாவது படத்தையும் காட்டினேன். முதலாவதைவிட அதைத்தான் அவர் நெடுநேரம், காமிராவைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு, பார்த்தார்.

“சின்னப்பிள்ளையில எனக்க அப்பா கூட்டிட்டுப் போயிருக்காரு. இதே மாதிரிக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னுதான் கண்டேன். புலி கொட்டாவி விட்டுது. அதுக்க மணம் அன்னைக்கு ராத்திரி முழுக்க எனக்க மூக்கில இருந்தது.”