ஊசித் துளை சொன்ன நீதி

துப்பறியும் கதை படித்தால் பிள்ளைகள் கெடுவர் என்பார் உளர். கெடுவது பிள்ளையா, பெரியோரின் பிடியா?

1929இல் செர்மானிய எழுத்தாளர் எரிக் கேசுட்னர், எமில் என்னும் சிறுவனைப் படைத்தார். பிறர் தலைமுடியை ஒப்பனை செய்து தாய் சேர்த்த 140 மார்க்கை இரயிலில் ஒருவன் களவாடுகிறான். தொப்பியணிந்த கனவான்முன் ஏழைச் சிறுவன் சொல் எடுபடுமா? எடுபட்டது! பணத்தாள்களைச் சட்டையின் உட்பையில் ஊசியால் குத்தி வைத்திருந்தான் எமில். அந்தத் துளைகள் வங்கியில் வாய்திறந்தன. ஆளின் மதிப்பன்று, சான்றே வென்றது.

இளையோரை இக்கதைகள் ஈர்ப்பது இதனாலன்றோ! 'எதிர்த்துக் கேளாதே' என்று அடக்கப்பட்ட நாவு, கதைக்குள் 'சான்று எங்கே?' என்கிறது. 1930இல் அமெரிக்காவில் தோன்றிய நான்சி ட்ரூ ஓர் இளம்பெண். அவளும் அதையே கேட்டாள்.

மானாவாரி நிலம் சூழ்ந்த நம் பரளச்சியிலும் தமிழ்வாணனின் சங்கர்லால் கைமாறி வந்தான். 1972இல் சிவகாசியில் பிறந்த முத்து காமிக்சும் வந்தது. ஏட்டைப் பிடுங்கியோர் உண்டு. கண்மாய்க்கரையில் இரவில் எரிவது கொள்ளிவாய்ப் பிசாசு என்று அவர்களே கதை கட்டினர். நாமோ நெருங்கிச் சென்று பார்த்தோம். பிசாசில்லை; விளக்கேந்தி மீன்பிடிக்க வந்த மனிதன்!

இக்கதைகள் களவைக் கற்பிப்பதில்லை; தேடலைக் கற்பிக்கின்றன. தோழர்களே, நும் மகள் கையிலும் ஒன்றைக் கொடுங்கள். நாளை எவரேனும் 'இது உன் தலைவிதி' என்றால், சான்று எங்கே என்று அவள் கேட்கட்டும்!