லூப்பில் இருப்பவர்க்குக் காது கேட்காது

செகண்ட் லைஃப் என்றொரு உலகம் இருக்கிறது. 2003-ல் சான் ஃபிரான்சிஸ்கோவின் லிண்டன் லேப் திறந்து வைத்தது. பார்க்க வீடியோ கேம் மாதிரி இருக்கும், ஆனால் ஜெயிக்கவோ தோற்கவோ அதில் ஒன்றும் கிடையாது. 256 மீட்டருக்கு 256 மீட்டர் என்று சதுரம் சதுரமாக நிலம். அதன் மேல் நிற்கிற வீடு, மரம், நாற்காலி எல்லாம் அங்கே குடியிருக்கிறவர்களே செய்தவை. செய்த பொருள் அசையாது, பேசாது. அசைய வேண்டும் என்றால் அதற்குள் எல்.எஸ்.எல். என்ற மொழியில் ஸ்கிரிப்ட் எழுதிப் போட வேண்டும்.

கல்லூரி முடித்து வேலை கிடைக்காமல் இருந்த ஒரு வருடம் நான் அங்கேதான் கிடந்தேன். எங்கள் வீட்டு இணைய வேகத்துக்கு எதிரில் நிற்கிறவருக்கு உருவம் வரவே ஐந்து நிமிடம் ஆகும். அதுவரைக்கும் ஒரு மேகத்தோடு பேசிக்கொண்டிருக்கணும். அப்படி மேகமாக அறிமுகமானவர்தான் எனக்கு லூப் சொல்லிக்கொடுத்தார். ஸ்காட்லாந்துப் பெண்மணி. அறுபது வயதுக்கு மேல், நடக்க முடியாத உடம்பு என்று ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பேச்செல்லாம் தட்டச்சில், ஆங்கிலத்தில். எனக்கென்னவோ அது ஊர்ப் பெரியம்மா ஒருத்தர் பேசுகிற மாதிரியேதான் கேட்கும்.

லூப் என்றால் திரும்பத் திரும்பச் செய்வது. ஃபார், வைல், டூ-வைல் என்று மூன்று வகை எல்.எஸ்.எல்.லில் உண்டு. மற்ற மொழிகளில் லூப்பை விட்டுப் பாதியில் வெளியேற ‘பிரேக்’ இருக்கும். இங்கே இல்லை. ‘ஜம்ப்’ போட்டு ஒரு அடையாளத்துக்குக் குதிக்கணும். இதெல்லாம் ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். பழக நாளாவது வேறு ஒன்று.

அவர் தன் இடத்தில் ஒரு பழைய ராட்டினத்தை வைத்திருந்தார். அங்கே வந்த புதிதில் செய்ததாம். ஒரு வைல் லூப், ஒவ்வொரு சுற்றிலும் பத்து டிகிரி திருப்பு, அவ்வளவுதான். திருப்புகிற அந்தக் கட்டளை ஒவ்வொரு முறையும் ஸ்கிரிப்டை 0.2 விநாடி தூங்க வைக்கும். ஆகவே ஒரு முழுச் சுற்றுக்கு 36 திருப்பம், குறைந்தது 7.2 விநாடி. “தொட்டுப் பாரு” என்றார். தொட்டேன். “தொட்டா நிக்கணும்னு அதுலயே எழுதியிருக்கேன். நிக்குதா?” நிற்கவில்லை.

எல்.எஸ்.எல். சம்பவங்களால் ஓடுகிற மொழி. யாரோ தொட்டார், யாரோ பேசினார் என்று சம்பவம் வந்தால் அதற்குரிய பகுதி ஓடும். ஒரு பகுதி ஓடி முடிக்கிற வரை அடுத்தது தொடங்காது. முடிவில்லாத லூப் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் வெளியே எத்தனை பேர் தொட்டாலும் உள்ளே தெரியாது. அந்தத் தொடுதல்கள் வரிசையில் நின்று காத்திருக்கும். வரிசையில் 64 பேருக்குத்தான் இடம். அதற்கு மேல் வருவது சத்தமில்லாமல் உதிர்ந்துபோகும். ஒரு எச்சரிக்கைகூட வராது.

“அதனால டைமர் போடு. கொஞ்சம் வேலை பாரு, கையை விடு, யாராவது கூப்புடறாங்களான்னு கேளு, மறுபடி வேலை பாரு.” அவர் சொல்லித்தந்த முதல் பாடம் இதுதான். நேர்காணல்களுக்கு விண்ணப்பம் போட்டு, பதில் வராமல், மறுபடி விண்ணப்பம் போட்டு ஓடிக்கொண்டிருந்த எனக்கு அது ஸ்கிரிப்டுக்கான ஆலோசனையாக மட்டும் படவில்லை.

லூப்புக்கு மூர்க்கமும் உண்டு. தன்னைப் போலவே இன்னொன்றைச் செய்கிற பொருளை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை 2006 நவம்பரில் அந்த உலகமே பார்த்தது. தங்க நிற வளையங்கள் தாமே பெருகி நிலமெங்கும் சுழன்றன. சர்வர்கள் திணறின. சுத்தம் செய்கிற வரை யாரும் உள்ளே வராதபடி மூடி வைத்தார்கள்.

ஆனால் அவருடைய இடத்தில் நான் அதிகம் நின்றது ராட்டினத்துக்கு அருகில் இல்லை, ஒரு விளக்கின் கீழே. அதைத் தொட்டால் முன்பு வந்துபோனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லும், இருபது மீட்டருக்குள் நிற்கிறவர்களுக்குக் கேட்கும்படி. ஒரு ஸ்கிரிப்டுக்கு நினைவு 64 கிலோபைட்தான். பெயர்களைச் சேர்த்துக்கொண்டே போனால் ஒருநாள் மூச்சு முட்டி நின்றுவிடும். அதனால் கடைசி 40 பேர் மட்டும். 41-வது ஆள் வந்தால் முதல் ஆள் உதிர்வார். பெயருக்கு இரண்டு விநாடி, மொத்தம் எண்பது விநாடி.

உள்ளே இருந்தது ஃபார் லூப். டைமர் இல்லை. எனக்குச் சொன்னதற்கு நேர் எதிராக அவரே எழுதியிருந்தார். கேட்டேன். “பேர் சொல்லும்போது யாரும் குறுக்க வரக் கூடாது” என்றார். நடுவில் தொட்டால் அந்தத் தொடுதல் காத்திருக்கும். நாற்பது பெயரும் முடிந்த பிறகுதான் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். காது கொடுக்காமல் இருப்பது சில இடங்களில் மரியாதை என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. எங்கள் ஊரில் ஒப்பாரி வைக்கிறவரை யாரும் பாதியில் கூப்பிட மாட்டார்கள்.

வேலை கிடைத்து நான் அங்கே போவது குறைந்தது. வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதத்துக்கு ஒருமுறை. போகும்போதெல்லாம் விளக்கைத் தொடுவேன். அவர் இருக்க மாட்டார், என் பெயர் மட்டும் வரிசையில் மெல்ல மேலே ஏறிக்கொண்டிருக்கும். அனுப்பிய செய்திகளுக்குப் பதில் நின்றுபோனது. அங்கே அது பல மாதிரி நடக்கும். சலித்துப்போகலாம், கம்ப்யூட்டர் பழுதாகலாம், வேறு பெயரில் வந்துவிடலாம். ஆள் இல்லாமலும் போகலாம். எது என்று விசாரிக்க, அவருடைய நிஜப் பெயர்கூட என்னிடம் இல்லை.

ஒருநாள் போனபோது வெறும் புல்தரை. நிலம் அவருக்கு வாடகைக்குத்தான். வாடகை நின்றால் நிலத்துக்காரர் பொருட்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். அவை அழிவதில்லை. உரிமையாளரின் கணக்கில் ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ என்ற கோப்புறையில் போய் உட்காரும். ராட்டினமும் போயிருக்கும், விளக்கும் போயிருக்கும்.

அப்படிப் போகிற பொருளோடு அதன் ஸ்கிரிப்டின் நிலையும் சேர்ந்தே போகும். எந்த வரியில் நின்றதோ அந்த வரி, எண்ணிக்கை எதில் இருந்ததோ அந்த எண், பட்டியலில் இருந்த பெயர்கள் எல்லாம் அப்படியே இருக்கும். திருப்பி அனுப்பிய நொடியில் யாராவது விளக்கைத் தொட்டுவிட்டு நின்றிருந்தால், அது பாதிப் பெயர்களோடு உள்ளே கிடக்கும். என்றைக்காவது அவர் உள்ளே வந்து அதை எடுத்துத் தரையில் வைத்தால், முதலிலிருந்து தொடங்காது. விட்ட இடத்துக்கு அடுத்த பெயரைச் சொல்லும்.