ஓடின மைலும் மிச்சமிருக்கற பேட்டரியும்

பழைய கார் வாங்கறதுக்குன்னு நம்மாளுங்க கிட்ட ஒரு ரெடிமேட் கேள்வித்தாள் இருக்கு. எத்தனை மைல் ஓடியிருக்கு? எத்தனை கை மாறியிருக்கு? ஆக்சிடென்ட் உண்டா? டயர் எப்படி? இந்த நாலுக்கும் நல்ல பதில் வந்தா கையெழுத்துப் போட்டுட்டு வந்துடலாம். டொயோட்டா, ஹோண்டாவுக்கு இது போதும். எலக்ட்ரிக் காருக்கு இதே கேள்வித்தாளைத் தூக்கிட்டுப் போனா பாஸ் மார்க் கூட வராது. அங்கே நாம வாங்கறது ஒரு பேட்டரி. கார் அதுக்கு மேல போட்ட சட்டை மாதிரி.

சமீபத்துல எங்க வீட்டுக்கு இப்படி ஒண்ணு வாங்கினோம். அந்தக் கணக்கை இங்கே எழுதி வெச்சா யாருக்காவது உதவும்னுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க மக்களே.

பின்னணி இதுதான். நாங்க இருக்கறது டாலஸ் பக்கம். தங்கமணிக்கு ஆறு வருஷ இடைவெளிக்கு அப்புறம் வேலை கிடைச்சது, ஒரு ஆஸ்பத்திரி லேப்ல. வீட்டுலேர்ந்து 38 மைல், போக வர 76. ரெண்டாவது ஷிஃப்ட், முடிய ராத்திரி பதினொண்ணு ஆகும். அங்கே சார்ஜ் போட வசதி கிடையாது. பட்ஜெட் 13,000 டாலர், அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது. வீட்டு கராஜ்ல 240 வோல்ட் பிளக் இருந்ததால எலக்ட்ரிக்னு முடிவு பண்ணினோம். தங்கமணி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாங்க:

"ஏங்க, நீங்க என்ன கணக்கு வேணா போடுங்க. ஜனவரி மாசம் நடுராத்திரில ஹைவேல நான் நிக்கக் கூடாது."

கடைசில வண்டியை முடிவு பண்ணினது இந்த ஒரு வரிதான்.

தேடினதுல ரெண்டு வண்டி தேறிச்சு. ஒண்ணு 2020 நிஸான் லீஃப், 40 யூனிட் பேட்டரி, 31,000 மைல் ஓடினது, 9,800 டாலர். (கிலோவாட் அவர்னு சொல்றாங்களே, அது நம்ம ஊர் ஈ.பி. பில்லுல வர்ற அதே யூனிட்தான். அப்படியே சொல்லிட்டுப் போறேன்.) இன்னொண்ணு 2019 செவர்லே போல்ட், 68,000 மைல் ஓடினது, 12,400 டாலர். பழைய கேள்வித்தாள்படி பார்த்தா போட்டியே இல்லை. லீஃப் ஒரு வருஷம் புதுசு, பாதிக்கும் குறைவா ஓடியிருக்கு, விலையும் கம்மி. ஆபீஸ் நண்பர்கள் எல்லாரும் லீஃபுக்குத்தான் ஓட்டுப் போட்டாங்க.

முதல்ல லீஃப். இதுல ஒரு வசதி, பேட்டரி ஆரோக்கியத்தை டேஷ்போர்டுலயே 12 கோடாக் காட்டும். புதுசுல 12 கோடு. நாங்க பார்த்த வண்டில 11 இருந்தது. கோட்டை மட்டும் நம்பக் கூடாது. பழைய லீஃப்கள்ல பேட்டரி கம்ப்யூட்டரை ரீசெட் பண்ணி, 12 கோடும் தெரியற மாதிரி காட்டி வித்த ஆசாமிகள் உண்டு. வாங்கி கொஞ்ச நாள் ஓட்டினதும் கோடெல்லாம் ஒண்ணொண்ணா காணாமப் போயிடும். அதனால முப்பது டாலருக்குள்ள கிடைக்கற ஒரு ஓபிடி-2 டாங்கிளைச் செருகி, 'லீஃப் ஸ்பை'ங்கற ஆப்ல பார்த்தேன். எஸ்.ஓ.ஹெச்., அதாவது புதுசுல இருந்த கொள்ளளவுல எத்தனை சதவீதம் மிச்சம்ங்கற நம்பர், 83 காட்டிச்சு. ஃபாஸ்ட் சார்ஜ் எத்தனை தடவை போட்டிருக்காங்கன்னும் அதுலயே வரும். ஆறேழு வயசான வண்டிக்கு எஸ்.ஓ.ஹெச். 97, 98-ன்னு காட்டினா சந்தோஷப்படாதீங்க, சந்தேகப்படுங்க.

லீஃபோட பிரச்சினை, அதன் பேட்டரியைக் குளிர வைக்கத் திரவம் ஓடாது. காத்து பட்டு ஆறினாத்தான் உண்டு. 2012 கோடைல அரிசோனாக்காரங்க லீஃப்ல கோடு கோடா உதிர ஆரம்பிச்சு பெரிய ரகளை ஆச்சு. அதுக்கப்புறம்தான் நிஸான் கொள்ளளவு குறைஞ்சாலும் வாரண்டின்னு எழுதிக் கொடுத்தாங்க. டெக்ஸாஸ் வெயில் அரிசோனாவுக்கு ஒண்ணும் சளைச்சதில்லை.

அடுத்து போல்ட். இதுக்கு ஒரு ஃப்ளாஷ்பேக் உண்டு. நின்ன இடத்துலயே சில வண்டிகள் தீப்பிடிச்சதால 2020 நவம்பர்ல முதல் ரீகால். 2021 ஆகஸ்ட்டுக்குள்ள அதுவரைக்கும் தயாரான எல்லா போல்ட்டையும் சேர்த்துட்டாங்க, மொத்தம் 1,40,000-க்கும் மேல. ஒரே செல்லுக்குள்ள ரெண்டு உற்பத்திக் கோளாறு சேர்ந்து வந்தா தீப்பிடிக்குதுன்னு கண்டுபிடிச்சாங்க. கிழிஞ்ச ஆனோட் டேப் ஒண்ணு, மடங்கின செபரேட்டர் ஒண்ணு. 2017-லேர்ந்து 2019 வரைக்கும் வந்த வண்டிகளுக்கு பேட்டரியையே புதுசா மாத்திக் கொடுத்தாங்க. புது பேட்டரி கொள்ளளவும் கொஞ்சம் அதிகம். 238 மைல் போற வண்டி 259 மைல் போக ஆரம்பிச்சது. அதை விட முக்கியம், மாத்தின பேட்டரிக்கு புதுசா 8 வருஷம் அல்லது 1,00,000 மைல் வாரண்டி.

அதாவது 2019 வண்டிக்குள்ள 2022 பேட்டரி! ஓடோமீட்டரைப் பார்க்கறவன் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது.

ஆனா டீலர் வாயால "மாத்தியாச்சு சார்"னு சொன்னா போதாது. அரசாங்கத்தோட என்.ஹெச்.டி.எஸ்.ஏ. தளத்துல வின் நம்பர் போட்டா, பாக்கி இருக்கற ரீகால் மட்டும்தான் வரும். பாக்கி இல்லைன்னா, பேட்டரியை மாத்தினாங்களா, சும்மா சாஃப்ட்வேர் போட்டு அனுப்பிட்டாங்களான்னு அதுல தெரியாது. 2020-லேர்ந்து 2022 வரைக்குமான பல வண்டிகளுக்கு, 80 சதவீதத்துக்கு மேல சார்ஜ் ஏறாம கட்டிப் போட்டு, 6,200 மைல் ஓட்டி சோதிச்சுப் பார்க்கற சாஃப்ட்வேரைத்தான் கொடுத்தாங்க. அந்த மாதிரி வண்டின்னா கட்டு அவிழ்ந்துடுச்சான்னு பார்க்கணும். நான் செவர்லே சர்வீஸ் சென்டர்ல வின் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் ஹிஸ்டரி பிரிண்ட் எடுத்துப் பார்த்தேன். 2022 மார்ச்ல, 34,000 மைல்ல பேட்டரி மாத்தினது தெளிவா இருந்தது. ஆக வாரண்டி 2030 மார்ச் வரை, அல்லது ஓடோமீட்டர் 1,34,000 தொடற வரை.

லீஃபுக்கு? 2019 டிசம்பர்லயே முதல் ஓனர் எடுத்திருக்கார். வாரண்டி கடிகாரம் அன்னிக்கே ஓட ஆரம்பிச்சாச்சு, மாடல் வருஷத்துலேர்ந்து இல்லை. 2027 டிசம்பரோட சரி.

சரி, இப்ப முக்கியமான மேட்டர். வாரண்டிங்கறது பேட்டரி குறையாதுன்னு கொடுக்கற சத்தியம் இல்லை. "இதுக்குக் கீழ போனாத்தான் நாங்க வருவோம்"னு போட்ட ஒரு தரை, அவ்வளவுதான். லீஃபுக்கு 9 கோட்டுக்குக் கீழ போனாத்தான் மாத்துவாங்க, சுமாரா மூணுல ரெண்டு பங்கு மிச்சம் இருக்கறப்போ. போல்ட்டோட வாரண்டி புக்லெட் இன்னும் மோசம். அந்த 8 வருஷத்துல 10 சதவீதத்துலேர்ந்து 40 சதவீதம் வரைக்கும் குறையலாம்னு அவங்களே எழுதியிருக்காங்க. அதாவது 60 சதவீதம் வரைக்கும் இறங்கினாலும் வாயைத் திறக்க முடியாது. சதவீதத்தை மட்டும் பார்த்தா லீஃப் வாரண்டிதான் ஒசத்தி.

ஆனா தங்கமணி ஆஸ்பத்திரிக்கு சதவீதத்துல போகப் போறதில்லை, மைல்ல போகப் போறாங்க. அதனால ரெண்டையும் அந்தத் தரையில நிறுத்தி கணக்குப் போட்டேன். குளிர் ராத்திரி, ஹீட்டர், ஹைவே வேகம் எல்லாத்துக்கும் சேர்த்து 30 சதவீதம் கழிச்சேன்.

லீஃப்: புதுசுல 149 மைல். மூணுல ரெண்டு பங்குன்னா 99. குளிர் கழிச்சா 69.
போல்ட்: புது பேட்டரில 259 மைல். 60 சதவீதம்னா 155. குளிர் கழிச்சா 108.

தேவை 76 மைல்!

லீஃப் இன்னிக்கு இருக்கற 83 சதவீதத்துல, குளிர்லயும் 86 மைல் போகும். அதாவது பத்து மைல் மிச்சம், அதுவும் இன்னிக்கு. ஒரு டேக் டைவர்ஷன் வந்தா அதுவும் போச்சு. ரெண்டு மூணு கோடை தாண்டினா என்ன ஆகும்? வண்டி வேலைக்கு ஆகாமப் போற நிலைமை வந்தும், வாரண்டிக்காரன் "இன்னும் 9 கோடு இருக்கே"ன்னு சொல்ற இடைவெளி ஒண்ணு அங்கே இருக்கு. நாம விழறது அந்த இடைவெளிலதான். லீஃபைக் குறை சொல்லலைங்க. தினம் 30 மைல் ஓட்டறவங்களுக்கு அந்த விலைக்கு அது தங்கமான வண்டி.

மிச்சம் இருந்தது, போல்ட் பேட்டரி காகிதத்துல மட்டும்தான் புதுசா, நிஜத்துலயும் அப்படியான்னு பார்க்கறது. டேஷ்போர்டு காட்டற ரேஞ்ச் நம்பரை நம்பாதீங்க. முந்தின ஓனர் ஊருக்குள்ள மெதுவா ஓட்டியிருந்தா அது தாராளமா காட்டும். டீலர் ஒரு நாள் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகச் சொன்னாங்க. ராத்திரி முழு சார்ஜ் போட்டு, காலைல தங்கமணியை உட்கார வெச்சு ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வந்தோம். அந்த வருஷத்து போல்ட்ல சார்ஜ் 20 கோடாகத் தெரியும், கோட்டுக்கு 5 சதவீதம். முழு சார்ஜுக்கு அப்புறம் எத்தனை யூனிட் செலவாச்சுன்னும் திரையில வரும். எட்டாவது கோடு அணைஞ்ச நிமிஷம் 25 யூனிட் காட்டிச்சு. 40 சதவீதத்துக்கு 25-ன்னா, முழுசுக்கு 62.5. புதுசுல 65-ன்னு வெச்சுக்கிட்டா 96 சதவீதம். கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், ஆனா இந்தக் கணக்குக்கு டாங்கிளும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம். ஐந்தாம் வகுப்பு வகுத்தல் போதும் :-)

கையெழுத்துப் போடற நேரத்துல டீலர் ஆபீஸ்ல ஒருத்தர் 2,600 டாலருக்கு கூடுதல் வாரண்டி ஒண்ணை நீட்டினார். "எலக்ட்ரிக் காருக்கு இது கண்டிப்பா வேணும், எல்லாமே கவர் ஆகும்"னார். எது கவர் ஆகாதுங்கற பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படிச்சேன். வண்டியை ஓட்டற பெரிய பேட்டரி அந்த லிஸ்ட்ல மூணாவதா இருந்தது. "அப்ப மிச்சம் என்னங்க இருக்கு இந்த வண்டில?"ன்னு தங்கமணி தமிழ்ல கேட்டாங்க. நல்லவேளை அவருக்குப் புரியலை. சிரிச்சுக்கிட்டே வேண்டாம்னுட்டு போல்ட்டை எடுத்துட்டு வந்தோம்.

யாராவது பழைய எலக்ட்ரிக் கார் வாங்கறேன்னு சொன்னா இப்பல்லாம் நான் முதல்ல கேட்கறது "எந்த வண்டி?"ன்னு இல்லை. "தினம் எத்தனை மைல், வழியில சார்ஜ் உண்டா?". அந்த நம்பரை ஒரு காகிதத்துல எழுதிக்கிட்டு, வாரண்டி கைவிடற அளவுல வண்டி எத்தனை மைல் போகும்னு பக்கத்துல எழுதுங்க. இது அதை விடப் பெருசா இருந்தா தைரியமா பேரம் பேசலாம். சின்னதா இருந்தா, வண்டி எவ்வளவு மினுமினுன்னு இருந்தாலும் நடையைக் கட்டிடுங்க.

டிஸ்கி 1: விபத்துல சிக்கி 'சால்வேஜ்' டைட்டில் ஆன வண்டி ரொம்ப மலிவா கிடைக்கும். அதுல பொதுவா கம்பெனி வாரண்டி செல்லாது. பழைய எலக்ட்ரிக் காருக்கு அரசாங்கம் கொடுத்துட்டிருந்த 4,000 டாலர் வரிச் சலுகையும் 2025 செப்டம்பர் 30-ஓட முடிஞ்சது. அதை இன்னும் கழிச்சுக் காட்டற விளம்பரத்தைப் பார்த்தா உஷார்.

டிஸ்கி 2: இந்தியாவுல பழசு தேடறவங்களுக்கு. 'ஆயுள் முழுக்க பேட்டரி வாரண்டி'ன்னு வர்றதுல முதல் ஓனருக்கு மட்டுமான்னு பாருங்க. 2024 செப்டம்பர்ல வந்த எம்.ஜி. வின்ட்சருக்கு அப்படித்தான், ரெண்டாவது ஓனருக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். அதே வண்டியை பேட்டரிக்கு மட்டும் கிலோமீட்டர் கணக்குல தனியா பணம் கட்டற திட்டத்துலயும் வித்தாங்க. வண்டி அவரோடது, பேட்டரி பாக்கி உங்களோடதுன்னு ஆயிடப் போகுது!