சித்தப்பாவுக்கு லத்தீனில் என்ன?

சித்தப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். நான்கு மணி நேரம் வெளியே உட்கார்ந்திருக்கும்போது ஓர் ஆங்கிலச் சிறுகதையை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு மருத்துவர் 'அவங்க்யுலர்' புன்னகையோடு வருவார். இதுவரை பேச்சில் ஒருவர்கூட இந்தச் சொல்லைப் பயன்படுத்தி நான் கேட்டதில்லை. அகராதியைப் பார்த்தால், 'அங்கிளைப் போன்ற, இளையவர்களிடம் கனிவான.'

எந்த அங்கிள்?

லத்தீனுக்குப் போனால் பதில் தெளிவாக இருக்கிறது. 'அவுங்குலுஸ்' என்றால் அம்மாவின் சகோதரன் மட்டும்தான். 'அவுஸ்' தாத்தா, அதைச் செல்லமாகக் குறுக்கினால் அவுங்குலுஸ். குட்டித் தாத்தா! அப்பாவின் சகோதரனுக்கு 'பத்ருவுஸ்' என்று வேறு சொல். ரோமானியர்களுக்குப் பத்ருவுஸ் என்றாலே கண்டிப்பானவர், திட்டுகிறவர். ஹொரேஸும் சிசரோவும் அந்தப் பொருளில் எழுதியிருக்கிறார்கள். பழைய ஆங்கிலத்திலும் இரண்டு சொற்கள் தனித்தனியாக இருந்தன. பிறகு அவுங்குலுஸ் பிரெஞ்சு வழியாக 'அங்கிள்' ஆகி வந்து இருவரையும் விழுங்கிவிட்டது. இந்தப் பெயரடையும் தாய்மாமனின் வேரிலிருந்தே வந்தது.

எனக்கு இங்கேதான் இடித்தது.

என் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் எனக்குக் காது குத்தினார்கள். தாத்தா வீட்டை விற்ற பணத்தில் சண்டை வந்தபிறகு அவர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அப்பா இறந்தபோதும் வரவில்லை. சித்தப்பா வந்தார். இரவில் லாரி ஓட்டி என்னைப் படிக்க வைத்தார். கனிவா? மூச்சுக்கு மூச்சு திட்டு. மார்க் குறைந்தால் திட்டு, தாமதமாக வந்தால் திட்டு. அசல் பத்ருவுஸ்.

நான்கு மணி நேரம் முடிந்து அவர் வெளியே வந்தார். கையெழுத்துப் போட ஒரு பாரத்தை நீட்டினார்கள். உறவுமுறை என்ற கட்டத்தில் 'அங்கிள்' என்று எழுதினேன். எட்டிப் பார்த்தவர் முகம் சுளித்தார்.

"என்னாமா இது? கிராப் ஓட்டுறவன்கூட அங்கிள்தான். சித்தப்பான்னு எழுது."

"பாரம் இங்கிலீஷ்ல இருக்கு சித்தப்பா. அதுல அந்த வார்த்தை இல்ல."

"இல்லன்னா? அப்பான்னு போடு. சின்னதா போடு."

தாதி சிரித்துவிட்டார். நான் 'அங்கிளை' அடித்தேன். சிறுகதையின் அந்த வரி இன்னும் முடியவில்லை.