விரலால் பார்ப்பது

பரு ஆறிய இடத்தில் தங்கிவிட்ட கறுப்புக்காக வருகிறவர்கள், முகம் முன்பு எப்படி இருந்தது என்று காட்டத்தான் முதலில் கைப்பேசியை நீட்டுவார்கள். படத்தைப் பார்த்துவிட்டு அவர்களை ஜன்னலோரம் உட்காரவைப்பேன். விரல்நுனியால் அந்த இடத்தைத் தடவிப் பார்ப்பேன். மேடு தட்டினால் உள்ளே அழற்சி இன்னும் அடங்கவில்லை. மட்டமாக இருந்தால், பெரும்பாலும் நிறம்தான் மிச்சம். நம் தோலில் சிவப்பு எளிதில் கண்ணுக்குப் படாது. அதற்காகக் கண்ணாடித் தகட்டை வைத்து அழுத்துவேன். வெளிறினால் இரத்தவோட்டம், அசையாமல் நின்றால் மெலனின். பரு வந்துகொண்டே இருக்கும்போது கறுப்புக்கு மட்டும் மருந்து போடுவது வீண்.

அழற்சி, நிறமி செய்யும் செல்களைத் தூண்டிவிடுகிறது. கூடுதலாகச் சுரந்த நிறமி மேல்தோலிலேயே நின்றால் பழுப்பாகத் தெரியும். தோல் உதிர உதிர, சில மாதங்களில் மங்கும். உள்தோலுக்குள் சிந்திவிட்டால், அதை விழுங்கிய செல்கள் அங்கேயே தங்கிவிடும். நிறம் சாம்பல் கலந்த நீலமாக இருக்கும். அது மங்க வருடங்கள் ஆகும், சிலருக்கு முழுதாகப் போகாது. இதை முதல் நாளே சொல்லிவிடுவேன்.

தொழிலுக்கு வந்த புதிதில், கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்த ஒரு பெண்ணின் அவசரத்துக்கு இணங்கி, கிளைகாலிக் அமிலத்தைச் சற்று வலுவாகவே பூசினேன். தோல் எரிந்து உரிந்தது. அந்த எரிச்சலே புது அழற்சியாகி, முகூர்த்தத்துக்குள் கன்னம் முன்னைவிடக் கறுத்துவிட்டது. அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. இப்போது எதையும் குறைந்த அளவில் தொடங்கி, தோல் தாங்குகிறதா என்று பார்த்துத்தான் கூட்டுகிறேன்.

1975இல் கிளிக்மன், வில்லிஸ் என்ற அமெரிக்க மருத்துவர்கள் ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் கலந்த மருந்தைப் பற்றி எழுதினார்கள். மருத்துவர் மேற்பார்வையில் சில வாரங்கள் பூச வேண்டிய அந்த வகைக் கலவையை, நம் ஊரில் சிவப்பழகு கிரீம் என்று நம்பி மாதக்கணக்கில் பூசுகிறார்கள். தோல் மெலிந்து, இரத்தக்குழாய் தெரிய, கன்னத்தில் முடி முளைத்து வந்து நிற்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. சன்ஸ்கிரீன் இல்லாமல் எந்த கிரீமும் பாதி வேலைகூடச் செய்யாது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே நம் தோலைக் கறுக்கவைக்கும் என்பதால், இரும்பு ஆக்சைடு சேர்ந்த, லேசாக நிறமுள்ள சன்ஸ்கிரீனையே எழுதித் தருகிறேன்.

போன மாதம் ஒரு அம்மா பன்னிரண்டு வயது மகளை அழைத்து வந்தார். முழங்காலுக்குக் கீழே கொசு கடித்துச் சொறிந்த தடங்கள், காசு காசாய். அந்தப் பிள்ளை பாவாடையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டாள். தினமும் பீர்க்கங்காய் நார், அதற்கு மேல் எலுமிச்சைச் சாறு. விரல் வைத்தேன், பல தடங்கள் மேடாகவே இருந்தன, தேய்த்துத் தேய்த்துத் தோல் தடித்திருந்தது. நாரையும் எலுமிச்சையையும் நிறுத்தச் சொன்னேன்.

"அப்ப எதையும் போட்டுத் தேய்க்க வேண்டாமா டாக்டர்?"

"வேண்டாம்மா. அரிப்புக்கு மருந்து எழுதுறேன். முதல்ல கொசுவலை கட்டுங்க."